பதினொரு ராத்திரி பல்லி சொல்லவில்லை

தி.நகர்,
4-1-1973

அன்புள்ள ஐவிக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதே. மணி பதினொன்றேகால். உன் தாளை முடித்த பிறகுதான் பேனா எனக்குச் சொந்தம். எழுத்து கோணுவதற்குத் தூக்கம் பாதி காரணம், மடியில் கிடந்து உதைக்கிற முத்துலட்சுமி மீதி. எட்டு மாதம் முடிந்துவிட்டது அவளுக்கு.

உன் பல்லி ஆராய்ச்சிக்கான டிசம்பர் தாள்கள் முப்பத்தொன்றும் இத்துடன் இருக்கின்றன. நீ சொன்னபடியே ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. எந்தப் பல்லி, எந்தச் சுவர், சும்மா இருக்கிறதா, துரத்துகிறதா, வாலை ஆட்டுகிறதா, எத்தனை தரம் சத்தம் போட்டது, எல்லாம் கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறேன். முதுகில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்த மூன்றும் நன்றாக அடையாளம் தெரிகின்றன. தோல் உரித்தால் மறுபடி பிடித்து வைக்க வேண்டும், அதுதான் பாடு. "புருசன் சட்டைக்குப் பொத்தான் தைக்க நேரமில்ல, பல்லிக்குப் பொட்டு வைக்கா பாரு" என்கிறார் என் மாமியார்.

அவருக்குக் காது மந்தம் என்று எழுதியிருந்தேனே. பல்லி சொல்வது கேட்காது. இப்போது காலையில் எழுந்ததும் உன் தாளை வாங்கி, கிழமையும் சுவரும் பார்த்து, பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் சொல்கிறார்! "ஏட்டி வடிவு, ஒன் காலேசுப் படிப்பு இதுக்காவது ஒதவுதே!" நேற்றுக் கிழக்குச் சுவர் நல்லது சொன்னதென்று மகனைத் துணிக்கடைக்குப் புதுச் சரக்கு எடுக்க அனுப்பிவிட்டார். உன் பேராசிரியர் காதில் போட்டுவிடாதே.

குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி. நெஞ்சில் கைவைத்தால் கரகரவென்று இருக்கிறது. இவர் "எல்லாப் பிள்ளைக்கும் வாரதுதான்" என்கிறார். எனக்குத்தான் பயம்.

அன்புடன்,
வடிவு


மதுரை,
8-2-1973

அன்பு வடிவு,

ஜனவரி தாள்கள் கிடைத்தன. விடுதியில் தண்ணீர் இல்லை, பரிசோதனைக்கூடத்தில் மின்விசிறி இல்லை, ஆனாலும் இன்று நான் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன். காரணம் நீ.

ஜனவரி 11ஆம் தேதி ராத்திரியிலிருந்து 21 வரை, பதினொரு ராத்திரி, சத்தம் என்ற கட்டத்தில் சைபர். துரத்துகிறது, பூச்சி பிடிக்கிறது, வாலாட்டுகிறது, சத்தம் மட்டும் கிடையாது. எனக்காகப் பல்லி பார்க்கிற மற்ற மூன்று வீடுகளிலும் இப்படி இல்லை. ராஜநாயகம் சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா பார்த்தது? நம்பலாமா?" என்றார். "என்னைவிட நம்பலாம் சார்" என்றேன்.

24ஆம் தேதி பெங்களூர்க் கூட்டத்தில் இதைத்தான் வாசிக்கப் போகிறேன். கட்டுரையில் என் பெயருக்கு அடுத்து உன் பெயர். வேண்டாம் என்று சொன்னாயோ, மவளே, நேரில் வந்து உதைப்பேன்.

ஒன்றை மட்டும் உறுதிப்படுத்து. அந்த நாட்களில் விளக்கை மாற்றினீர்களா? பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தீர்களா? குழந்தைக்குச் சளி போயிற்றா?

உன்,
ஐவி


தி.நகர்,
12-2-1973

அன்புள்ள ஐவி,

சுண்ணாம்பு அடிக்கவில்லை. அதே விளக்குதான். பல்லிகள் சத்தம் போட்டன. நான்தான் எழுதவில்லை.

ஜனவரி 10 ராத்திரி தெற்குச் சுவரில் ஒரு பல்லி ஐந்து தரம் சொன்னது. எழுதினேன். மறுநாள் காலை முத்துவை எழும்பூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், அத்தை தாளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "புதங்கெழமை தெக்கச் சொல்லியிருக்கு. பச்சப்பிள்ளைய வெளிய கொண்டு போவாத." இவரைப் பார்த்தேன். "அம்மா சொல்லுதால்லா, ஒரு நாள்தான" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் குழந்தையின் விலா உள்ளே இழுத்து இழுத்து வாங்கியது. பால் குடிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி முதல் சைபர் போட்டேன். மறுநாள் அத்தை தாளைப் பார்த்தார், "ஒண்ணுஞ் சொல்லலயா? செரி, போய்ட்டு வா" என்றார். நிமோனியா என்றார்கள். தினமும் வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஆகவே தினமும் சைபர். இப்போது குழந்தை தேறிவிட்டாள், தவழ்ந்து எல்லாவற்றையும் கவிழ்க்கிறாள். "நல்ல பல்லிய, பதினோரு நாளும் வாய் தொறக்கல" என்று அத்தை அவற்றுக்கு நற்சாட்சி கொடுக்கிறார்.

இதோடு நிறுத்தினால் நீ என்னை மன்னித்துவிடுவாய். மிச்சத்தையும் சொல்கிறேன். 18ஆம் தேதி அத்தை நங்கநல்லூரில் மகள் வீட்டுக்குப் போனார், இரண்டு நாள் இல்லை. தாளைக் கேட்க வீட்டில் ஆளில்லை. அன்று ராத்திரி முத்துவுக்கு மறுபடி காய்ச்சல். பத்து இருபதுக்குத் தெற்குச் சுவரில் ஏழு தரம். பேனாவை எடுத்து ஏழு என்று எழுதப் போனேன், கை வரவில்லை. எழுதினால் நடந்துவிடும் போல இருந்தது. சைபர் போட்டேன். அந்த ஒன்று அத்தைக்காகப் போட்டதில்லை. விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கியவள் போட்டது.

மற்ற ராத்திரிகளின் எண்ணிக்கையும் ஞாபகம் இருக்கிறது. கேட்காதே. ஞாபகத்திலிருந்து எழுதுவது பதிவாகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

பெங்களூரில் அதை வாசிக்காதே. என் பெயரை எடுத்துவிடு. சாரிடம் இந்தக் கடிதத்தையே காட்டு, நீ பழியை ஏற்காதே. மற்ற தாள்கள் உண்மை. ஆனால் அவற்றையும் நம்பமாட்டேன் என்று நீ சொன்னால் எனக்கு வாதாட வாயில்லை.

பிப்ரவரி தாள்களை எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அத்தைக்குத் தனியாக ஒரு தாள், உனக்குத் தனியாக ஒன்று, உன்னுடையது பீரோவுக்குள். இதைத் தொடரட்டுமா, நிறுத்திவிடட்டுமா? திட்டுவதானாலும் திட்டு. சீக்கிரம் பதில் போடு, ஐவி.

வடிவு