கதிரையில் பதினொரு மணித்தியாலம்

முரசுமோட்டை,
12.02.2025

அன்பு மகள் சுதாஜினிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம், நீயும் றிஸ்வானும் லண்டன் குளிருக்குள் நலமாக இருக்க வேண்டுமென்று நினைத்தபடிதான் காலையில் எழும்புகிறோம். என் முதுகைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. நீ அனுப்பிய முதுகுத் தலையணை போன புதன்கிழமை வந்து சேர்ந்தது. அதைப் பிரித்த பிறகு உனக்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்து, மூன்று தரமும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். ஆகவே இந்தக் கடிதம்.

போன ஆவணியில் உன் கலியாணப் பதிவு எழுத்துக்கு வரச்சொல்லி நீ கேட்டபோது, கொழும்பிலிருந்து லண்டன் எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், நேரே பறந்தாலும் பதினொரு மணித்தியாலம், அவ்வளவு நேரம் இருந்தால் முள்ளந்தண்டு தாங்காதென்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றேன். கிலோமீட்டரும் மணித்தியாலமும் சரி, இணையத்தில் பார்த்துத்தான் சொன்னேன். டொக்டர்தான் பொய். அது அம்மாவுக்கும் தெரியும், நான் கெஞ்சிக் கேட்டதால் உன்னிடம் சொல்லவில்லை, அம்மாவைக் கோபிக்காதே. பெரியப்பா யோகலிங்கம் வந்து, "தம்பி, நீ போய் நிண்டா நாங்கள் எல்லாரும் நிண்ட மாதிரி. முஸ்லிம் பொடியனுக்குப் பிள்ளையைக் குடுத்த வீடெண்டு ஊர் கதைக்கும்" என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்க முள்ளந்தண்டு தேவைப்படாது என்பதால் பழியை அதன்மேல் போட்டேன். றிஸ்வானின் ஊர் முல்லைத்தீவு, நம் வாசலில் பஸ் ஏறினால் ஒன்றரை மணித்தியாலம். எனக்குத் தூரமாக இருந்தது அதுதான், ஆனால் அதைத் தூரமென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அதனால் லண்டனைச் சொன்னேன்.

எழுத்து நாளன்று காலை ஆறு மணிக்கு முன் அறையில் கதிரையைப் போட்டு இருந்தேன், பதினொரு மணித்தியாலம் இருக்க முடிகிறதா என்று பார்க்க. பத்து மணிபோல அம்மா, "என்னப்பா, எழும்ப மாட்டீங்களோ? வயலுக்குத் தண்ணி கட்டவேணும்" என்றார். பறந்துகொண்டிருக்கிறேன் என்றேன். அம்மா குசினிக்குப் போய், தட்டில் புட்டும் சம்பலும் கொண்டுவந்து மடியில் வைத்து, "பிளேனிலை இவ்வளவுதான் தருவினம், மீன்குழம்பு இறங்கின பிறகு" என்றார். சலம் கழிக்க இரண்டு தரம் எழும்பினேன், விமானத்திலும் அதற்கு விடுவார்களாம். ஐந்து மணியானது, முதுகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா வந்து, "இறங்கியாச்சோ? பிள்ளை வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பாள்" என்றார். அதற்குப் பிறகுதான் எழும்ப முடியவில்லை.

தலையணை நல்ல தலையணை. அதில் சாய எனக்கு முகமில்லை, அம்மா சாய்கிறார். இருவருக்கும் கடவுச்சீட்டு எடுத்துவிட்டேன். போன கிழமை பெரியப்பாவிடம் போய் நாங்கள் லண்டன் போகப்போகிறோம் என்றேன். "போறதெண்டாப் போ, எனக்கென்ன" என்றுவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். ஆறு மாதம் நான் பயந்தது இதற்குத்தான். விசாவுக்கு நீ அழைப்புக் கடிதம் எழுத வேண்டுமாம். ஒரு தரம் அழைத்தவளிடம் மறுபடி அழைக்கச் சொல்லிக் கேட்கிறேன். றிஸ்வானையும் கேட்டுவிட்டு எழுது, வீடு அவருடையதும்தான்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். அவருக்கு நான் ஆசீர்வாதம் எழுதுவது இதுதான் முதல் தரம், வாசித்துக் காட்டு. அழைக்க மனம் வராவிட்டால் தூரம் அதிகம் என்று சொல்லிவிடு, நான் நம்புவேன்.

உன் அப்பா
தில்லைநாதன்