எந்த ஆம்ப்ளிஃபயர் என்று என்னைக் கேட்காதீர்கள்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். பதினொரு மணிக்குக் கடைக்காரர் வருவார். இரண்டு ஆம்ப்ளிஃபயரில் உங்கள் ஸ்பீக்கருக்கு ஒத்துப்போவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள். "பெரிய ஸ்பீக்கரும்மா, சின்ன ஆம்ப்ளிஃபயர் திணறும்" என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

நேற்று நீங்கள் கோபப்பட்டது நியாயம்தான். இரண்டு ஆம்ப்ளிஃபயரிலும் மாற்றி மாற்றிப் பாட்டுப் போட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "இதுதான் தெளிவா இருக்கு" என்றேன். "நான் வயரை மாத்தவே இல்ல. சும்மா ஒப்புக்குச் சொல்ற. உனக்கு எதுலயும் அக்கறை இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

அக்கறை இல்லாமல் இல்லை. ஒரு வருடமாகவே எனக்குக் காது சரியில்லை. குக்கர் விசில்கூடப் பக்கத்து வீட்டில் அடிப்பதுபோல இருக்கிறது. நீங்கள் மூன்று வாரமாக ஆசை ஆசையாகக் கடை கடையாக ஏறி இறங்கினீர்கள், அதைக் கெடுக்க மனசு வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்டீர்கள், மாட்டிக்கொண்டேன்.

காது டாக்டரிடம் போகிறேன். கூட வர வேண்டாம், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கடைக்காரர் வந்து திரும்பிவிடுவார்.

சாவி ஜன்னல் ஓரத்தில்.

இன்னொன்று. இடது காது இனிக் கேட்காது என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். சோபாவில் எப்போதும் என் இடப்பக்கம்தான் உட்காருவீர்கள். இன்று சாயங்காலம் வலப்பக்கம் உட்காருங்கள்.