உடையாத குழாய்

பாலிக்ரீன், மேயோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கை ஊனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெர்த் வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை.

வின்னி வார்டின் கணவர் போய் ஒரு வருடமாகிறது. நேற்று கல்லறைக்குக் கல் வைத்து ஆசீர்வதித்தார்கள். பள்ளியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்பதால், அன்றைய சாப்பாட்டை நம் பப்பிலேயே போடு என்று நீ எழுதியிருந்தாய். நானும் வின்னியிடம் சரி என்றிருந்தேன்.

வின்னியின் டிராவலர் சனம், ஊர்க்காரர்கள் வாயில் 'நாடோடிக் கூட்டம்', வருகிறது என்றதும் தெருவிலுள்ள பப்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு கதவடைத்தார்கள். காரணம் ஆளுக்கொன்று: ஒருவர் வீட்டில் ஞானஸ்நானமாம், இன்னொருவர் கடைத் தரைக்கு வார்னிஷாம். எதிர்க் கசாப்புக்கடை ஜெரி என்னிடம், "திறந்து வச்சுக்கோ மோரா, யாரு வேணாம்னா? அப்புறம் நாங்க யாரும் உன் கடைப் படி ஏறமாட்டோம், அவ்வளவுதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை வின்னிக்குப் போன் செய்தேன். சமையலறையில் பைப் வெடித்துவிட்டது, சொட்டுத் தண்ணீர் இல்லை என்றேன். "ஐயோ, பாவம்க்கா நீங்க" என்றாள்.

நேற்றுக் காலை பக்கவாட்டுக் கதவைத் தட்டியது வின்னியின் தம்பி மைலி. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கையில் கருவிப் பெட்டி. "பூசைக்கு இன்னும் நேரம் இருக்குக்கா. பைப்பைப் பாத்துக் குடுத்துட்டு வாடான்னு வின்னி அனுப்பிச்சா. சின்ன வேலைதான், வழி விடுங்க" என்றான்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், ஊனா. என் கையில் சோப்பு நுரை. பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கும் கேட்டது. பெட்டியைக் கீழே வைத்தான், திரும்ப எடுத்துக்கொண்டான். பிறகு மரியாதை குறையாமல், "வின்னிகிட்ட என்னக்கா சொல்லட்டும்? சரியாயிடுச்சுன்னு சொல்லவா, ஆகலைன்னு சொல்லவா?" என்று கேட்டான்.

அப்போதாவது நான் நகர்ந்திருக்கலாம். தெருவுக்கு அந்தப் பக்கம் ஜெரி கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவில்லை என்று சொல் என்றேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில், மழையில், வேன்களின் பின்கதவைத் தூக்கிவிட்டு அதனடியில் நின்று சாப்பிட்டார்களாம். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை என்று பாதிரியார் சொன்னார்.

மைலி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாயங்காலம் வின்னியே வந்தாளே, அதில் தெரிந்துகொண்டேன். அவள் கேரவன் வீட்டு அலமாரியில் கண்ணாடிக்குள் வைத்திருப்பாளே, தங்க விளிம்புப் பீங்கான், அதில் ஒரு தட்டு நிறைய ஹாமும் உருளைக்கிழங்கும் கேக்கும். "தண்ணியில்லாம நீங்க என்னத்தக்கா சமைச்சிருக்கப் போறீங்க?" என்றாள். உன் அத்தான் ரசித்துச் சாப்பிட்டார். என் பங்கையும் அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

தட்டைக் கொடுக்க நாளை போகிறேன். உண்மையைச் சொல்லிவிடுவதென்று காலையில் உறுதியாக இருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. நான் சொல்லாமல் திரும்பிவிட்டால், அடுத்த முறை அவளுக்கு எழுதும்போது நீயே சொல்லிவிடு. என்னைக் காப்பாற்றப் பார்க்காதே.

தட்டைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அதே குழாயில்தான் கழுவினேன்.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். எனக்காகவும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்.

உன் அக்கா,
மோரா