கழுகு வந்துட்டுப் போனார்

கண்ணு,

அப்பா நல்லா இருக்கார். டாக்டரும் அதையேதான் சொல்றார். நேத்து அரை டம்ளர் பால் குடிச்சார்.

இன்னைக்கு நம்ம புத்தகக் கடைக்குக் கழுகு வந்தார். அப்பா வச்ச பேர், உனக்கு ஞாபகம் இருக்கும். எந்த எழுத்தாளர் படுக்கையில விழுந்தாலும் மோப்பம் பிடிச்சு வந்து, அவர் கையெழுத்துப் போட்ட முதல் பதிப்புகளை வாரிக்கிட்டுப் போவாரே, அவரேதான். அந்த எழுத்தாளர் கண்ணை மூடின மறுநாளே, மிச்சம் இருக்கிறதெல்லாம் நம்ம கடைக் கண்ணாடி அலமாரிக்கு ஏறி, அரிய புத்தகம்னு ஆயிடும். "கழுகு உள்ள வந்தா யாருக்கோ சீட்டு கிழியப்போகுது"ன்னு அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார்.

இன்னைக்கு அவர் நேரா புதுப் புத்தக மேஜைக்குப் போய் அப்பாவோட நாவலை எடுத்தார். முதல் பக்கத்துல கையெழுத்து இருக்கான்னு பார்த்தார்.

"அது விற்பனைக்கு இல்லை"ன்னு வெடுக்குனு பிடுங்கிட்டேன். எப்பவும் என்கிட்ட எகிறிக் குதிக்கிற மனுஷன், "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"ன்னு கேட்டார்.

அவர் போனதும், மேஜையில இருந்த அப்பா புத்தகத்தை எல்லாம் நானே எடுத்துக் கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டியிருக்கேன். பூட்டின பிறகுதான் என்ன பண்ணினேன்னு உறைச்சுது.

அப்பாகூட இனிமே பேசவே மாட்டேன்னு சொல்லிட்டுத்தானே போனே? பேச வேண்டாம். வந்து பக்கத்துல உட்காரு, போதும்.

அம்மா