ஒருத்தியே எடுத்த மூன்று அவுட்

மாதா துணை

விழுப்புரம்,
திங்கட்கிழமை.

ஜங்ஷன் பெண்கள் பேஸ்பால் அணியின் ஷார்ட் ஸ்டாப்பும், அன்புச்செல்வியின் அம்மாவும், பதினாறு வருஷமாக என்னைப் பொறுத்துக்கொண்டு வருகிறவளுமாகிய ஜெசிந்தாவுக்கு ஷேர் ஆட்டோ ராயப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகளும் சௌக்கியம். அங்கே பட்டியாலாப் பயிற்சி முகாமில் நீயும் உன் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். படித்துவிட்டுத் திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. மார்ச் மாதம் திண்டிவனத்தில் நீ ஒருத்தியாகவே மூன்று பேரை அவுட் ஆக்கினாயே, அதை நான் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் நான் காம்பவுண்டு சுவருக்கு வெளியே வேர்க்கடலையைத் தோலோடு வேகவைத்து விற்கிற மல்லாட்டை அம்மாவிடம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பெரிய கூச்சல் கேட்டது. தோற்றுவிட்டோம் என்று நினைத்து, துக்கத்துக்கு இன்னொரு படி மல்லாட்டை வாங்கினேன். உள்ளே வந்து பார்த்தால் பெண்கள் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். எல்லோரும் ஓடி வந்து "அண்ணே, பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றார்கள். பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னது மட்டும் பொய் இல்லை. மல்லாட்டை நாக்கைச் சுட்டுவிட்டது. அன்றைக்கு நீ எனக்கென்று கோழி வறுத்துப் போட்டாய். அந்தக் கோழிக்கு நான் லாயக்கு இல்லாதவன். எலும்பைக்கூட விடவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அன்றிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி ஜங்ஷனில் இறங்குகிற சனமெல்லாம் அந்த ஆட்டத்தை என் வாயால் கேட்டாயிற்று. கடைசி இன்னிங்ஸ். நாம் ஒரு ரன் முன்னால். திண்டிவனத்துப் பெண்கள் அடிக்கிறார்கள். முதல் பேஸில் ஒருத்தி, இரண்டாவது பேஸில் ஒருத்தி, இன்னும் ஒருத்தியும் அவுட் இல்லை. புனிதா என்கிற பெண் ஓங்கி ஒரு அடி அடிக்கிறாள். பந்து தரையில் படாமல் நேராக வருகிறது. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் ஷார்ட் ஸ்டாப்பாக நிற்கிற ஜெசிந்தா எம்பிப் பிடிக்கிறாள். ஒன்று. இரண்டாவது பேஸில் நின்றவள் பந்து தாண்டிவிடும் என்று நம்பி ஏற்கனவே ஓடிவிட்டாள். அவள் திரும்புவதற்குள் ஜெசிந்தா அந்த பேஸை மிதிக்கிறாள். இரண்டு. முதல் பேஸிலிருந்து வந்தவளுக்கு நிற்க முடியவில்லை. நேராக இவளிடமே வந்து சேருகிறாள். பந்தால் தோளில் ஒரு தொடு. மூன்று. வேறு யார் கையிலும் பந்து போகவே இல்லை. ஆட்டம் முடிந்தது. இதைச் சொல்லும்போது ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக் காட்டுவேன். ஒரு வாத்தியார் "நான் இங்கியே எறங்கிக்கிறேம்பா" என்று பாதி வழியில் இறங்கிக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று போனில் கிடைத்த பத்து நிமிஷத்தில் ஏழு நிமிஷம் அன்புச்செல்வி பிடுங்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் கேஸை மூடினாயா என்று விசாரணை. கடைசியில் நீ சொன்னாய், போட்டி நடத்திய கமிட்டியின் செயலாளர் சீனுவாசன் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார், பந்து தரையில் பட்டுத்தான் என் கைக்கு வந்தது என்று அதில் எழுதியிருக்கிறது, முகாம் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் "ஒரு கையெழுத்து தானேய்யா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் நான் எந்தக் காலத்தில் ஜெயித்திருக்கிறேன். அதனால்தான் கடிதம். இதில் நடுவில் நீ பேச முடியாது.

போன வியாழக்கிழமையே சீனுவாசன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நீ கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. திண்டிவனம் கோச் எழுதிக் கொடுத்திருக்கிறாராம், பந்து தரையில் பட்டது, அப்படியானால் ஒரே ஒரு அவுட்தான், ஆட்டம் முடியவில்லை, திரும்ப ஆட வேண்டும் என்று. அம்பயரோ இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்கிறாராம். நான் சீனுவாசனிடம் கேட்டேன், உங்களுக்கு என்ன தோன்றுகிறது சார் என்று. அவர் செல்போனைத் தூக்கிக் காட்டினார். "யோவ் ராயப்பா, அமெரிக்காக்காரன் நூறு வருசத்துக்கு மேல பெரிய லீக்ல ஆடிக்கினு கீறான். அங்கியே ஒருத்தனா மூணு அவுட் எடுத்தது பதினஞ்சு தடவ தான். அதைத் திண்டிவனத்துல உன் பொண்டாட்டி எடுத்தான்னு நான் மேல எழுதி அனுப்புனா சிரிப்பானுங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைப் பார். அந்தப் பதினைந்து கணக்கை அவருக்குச் சொன்னதே நீதானே. எனக்கும் சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவாய். ஒரே நாளில் மத்தியானம் ஒரு ஊர் அணிக்கும் ராத்திரி வேறு ஊர் அணிக்கும் ஆடி, இரண்டு ஊரிலும் அடித்தவன் ஒருவன் உண்டு என்றாய். நான் ஒரு நாளைக்கு எட்டு தடவை ஜங்ஷன் போய் வருகிறேன், என்னை எதில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டதற்குக் கரண்டியை எடுத்தாய். ஆனால் எல்லாம் காதில் விழுந்துதான் இருக்கிறது. அதில் ஒன்று வியாழக்கிழமை எனக்கு உதவியது. மழையில் நின்றுபோன ஆட்டத்தை இரண்டு மாதம் கழித்துத் தொடர்ந்தபோது, அதற்குள் எதிரணிக்கு மாறிவிட்ட ஒருவன் ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஆடினானே, அந்தக் கதை. அதைச் சீனுவாசனுக்குச் சொன்னேன். "அவனுக்காவது மழை வந்துச்சு சார். நீங்க வெயில்லியே ரெண்டு பக்கமும் ஆடுறீங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது என்னை வெளியே போகச் சொன்னார்.

நான் வாசலுக்குப் போகும்போது கூப்பிட்டு ஒன்று கேட்டார். நீ பார்த்தேன் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாயே, சாட்சி எழுதிக் கொடு என்றார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். ஜெசிந்தா, பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். எழுதியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் உன் ஆட்டம் நிஜம். அதற்குப் போய் ஒரு பொய்யை முட்டுக் கொடுத்து நிறுத்தினால், இருக்கிற நிஜமும் பொய் மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. நான் பார்க்கவில்லை சார், மல்லாட்டை வாங்கப் போயிருந்தேன் என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு ஜங்ஷன் மூணாம் பிளாட்பாரம் வரைக்கும் கேட்டிருக்கும். சிரிக்கட்டும்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். பந்து தரையில் பட்டதா படவில்லையா என்பது உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அடித்தவளுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு படித்த மூளைக்கு இது எட்டுகிறது, கமிட்டிக்கு எட்டவில்லை. சனிக்கிழமை வண்டியை நிறுத்திவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

புனிதா ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறாள். கண்காணிக்கிற ஆள் பக்கத்திலேயே நிற்கிறான், நின்று பேச முடியாது. அதனால் புடவை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே பேசினோம். அவள் ஒவ்வொரு புடவையாகப் பிரித்துப் போடுகிறாள், நான் பார்டரைத் தடவிக்கொண்டே பந்தைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் யார் என்று கேட்டாள். ஷார்ட் ஸ்டாப்பின் வீட்டுக்காரர் என்றேன். என் வாழ்க்கையில் என்னை நான் இப்படிச் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, தரையில பட்டிருந்தா நான் மொத பேஸுக்கு ஓடியிருப்பேன்ல? பேட்டைப் போட்டுட்டு மூணு அடி வெச்சேன், அதுக்குள்ள அக்கா கையில பந்து. அங்கியே உக்காந்துட்டேன். எல்லாரும் பாத்தாங்களே, நான் உக்காந்து அழுததை" என்றாள். எங்கள் கோச் பந்து தரையில் பட்டது என்று எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியாது என்றாள். தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த புடவையை அப்படியே போட்டுவிட்டுச் சொன்னாள், "நான் ஆட வந்ததுலேர்ந்து அவ்ளோ சுத்தமா ஒரு பந்தை அடிச்சதே கெடையாதுண்ணே. அக்கா இல்லாம வேற யாரு நின்னிருந்தாலும் வேலி தாண்டிப் போயிருக்கும். அதைப் போயி எலி மாதிரி தரையில ஓடுன பந்துன்னு எழுதிட்டாரா? புடிச்சது அவங்க பேருல இருக்கட்டும், ஆனா அடிச்சது என் பேருல இருக்கணும்."

உன் ஆட்டத்தை அழித்தால் அவள் அடியும் சேர்ந்து அழிகிறது, பார்த்தாயா. அது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டீ நேரத்தில் வெளியே வந்து, நின்றபடியே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உங்கள் கோச் ஏசமாட்டாரா அம்மா என்று கேட்டேன். ஏசட்டும் என்றாள். இருபத்திரண்டு வயசுதான் இருக்கும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அன்புச்செல்வி வயிற்றில் இருந்த வருஷம், விளையாட்டுக் கோட்டாவில் உனக்கு வேலைக்கு ஒரு அழைப்பு வந்தது. எனக்கு விருப்பமில்லை என்று நீ எழுதி அனுப்பினாய். தாளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாய். அப்போது "ஒரு கையெழுத்து தானே, போட்டு அனுப்பிடு" என்று சொன்னது நான். நேற்று போனில் நீ அதே வார்த்தையை, அதே மாதிரி சொன்னாய். எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும்.

வீட்டு விஷயம். அன்புச்செல்வி லீவில் நன்றாகச் சாப்பிடுகிறாள், அதாவது கடைப் பரோட்டா. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. உனக்குப் புடவை ஒன்றும் வாங்கவில்லை. பதினொரு புடவை பிரித்துப் போட வைத்தும் வாங்காமல் வந்த ஒரே ஆள் என்று கடையில் என் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். அதுவும் ஒரு சாதனைதான், உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை.

நேற்றே போஸ்ட் பண்ணியிருக்க வேண்டும். காலையில் சீனுவாசனைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன். போய்ப் புனிதாவின் தாளை அவர் மேசைமேல் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். யார் எழுதிக் கொடுத்தது என்றார். அடித்த பெண் என்றேன். எதிரணிப் பெண் எப்படி உங்களுக்காக எழுதுவாள் என்று கேட்டார். அவள் எங்களுக்காக எழுதவில்லை சார், தனக்காக எழுதிக்கொண்டாள் என்றேன். பார்க்கிறேன் என்று டிராயரில் வைக்கப் போனார். சீல் போட்டு நகல் கொடுங்கள் என்று நின்றேன். சீல் பேடு காய்ந்திருக்கிறது என்றார். காத்திருக்கிறேன் என்றேன். மை வந்தது. போட்டார்.

எழுந்திருக்கும்போது சொன்னேன், "சார், அமெரிக்காவுல பதினஞ்சு பேரு. திண்டிவனத்துல ஒருத்தி, ஜங்ஷன்காரி. மேல சிரிக்கிறவன் சிரிச்சிக்கினு இருக்கட்டும், நீங்க அனுப்புங்க." அவர் சீல் பேடை மூடி வைத்தார். ஜெயித்தோம் என்று நான் எழுதமாட்டேன். நீ கையெழுத்துப் போட்ட தாள் வந்துவிட்டால் புனிதாவின் தாளுக்கு அங்கே வேலை இல்லை, அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்தத் தகராறு தீராததால் மற்றப் பெண்களின் பெயரும் மாநிலத் தேர்வுக்கு மேலே போகாமல் உன்னால் நிற்கிறது என்று சொல்லிச் சீனுவாசன் உன்னை மடக்கியிருப்பார். நான் அந்தப் பெண்களையும் கேட்டுவிட்டேன். திரும்ப ஆட வேண்டும் என்றால் ஆடுவார்களாம். ஆனால் அக்கா பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று எழுதினால் ஆடமாட்டார்களாம். பிட்சர் கலைப்பிரியா சொன்னதை அப்படியே எழுத முடியாது, எழுதுகிற இடத்தில் தலைக்கு மேலேயே ஜெபமாலை மாட்டியிருக்கிறது.

ஆகவே ஜெசிந்தா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. வேறு எந்தத் தாளில் வேண்டுமானாலும் போடு, நான் கேட்கமாட்டேன். இதில் மட்டும் போடாதே. நான் பார்க்காமல் விட்டதை மறுபடி பார்க்க முடியாது, அது என் தலையெழுத்து. அது நடந்தது என்பதாவது தாளில் இருக்கட்டும். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். சப்பாத்தி இறங்கவில்லை என்றால் தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடு, யார் பார்த்தால் என்ன. மாதா உன் கையையும் கண்ணையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ஷார்ட் ஸ்டாப்பின் வீட்டுக்காரன்
ராயப்பன்.

எழுத விட்டுப்போனது: அவ்வளவு பேசிவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன். கிளம்பவில்லை. சீனுவாசன் சார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து பின்னாலிருந்து தள்ளினார். மேம்பாலச் சரிவு வரைக்கும் தள்ளினார். அங்கே கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்பதால் நிறுத்தவில்லை. கடைசியாக ஒரு காலைப் பின்படியில் வைத்து உந்தினாரே, அவருடைய அந்த ஒரு செருப்பு வண்டியில் இருக்கிறது.