எல்லோர் முன்னாலும் சொன்ன பதில்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் நலம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அங்கே குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போன மாதம் நம் குடியிருப்புக்குக் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தாள். உன்னைப் போலவே தோளில் பை, நேரத்துக்குச் சாப்பிடாத முகம். எந்த வீட்டில் என்ன கஷ்டம், குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டுமாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் மகளும் குடும்பங்களின் கஷ்டத்தைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள் என்று பீற்றிக்கொண்டேன். அதோடு விட்டேனா, நாலு மாடி எதற்கு ஏறி இறங்குகிறாய் என்று எல்லாப் பெண்களையும் நம் கூடத்துக்கே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். அவளுக்கும் கால் வலி, சரி என்றுவிட்டாள். கேள்வியைத் தனியாகத்தான் கேட்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் பதில் மாறிவிடும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

முதல் கேள்வி என்னிடம். இந்த மாதம் ஒரு வேளையாவது சாப்பாட்டை விட்டதுண்டா என்றாள். ஆராய்ச்சிக்காரியின் அம்மா ஆயிற்றே, எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். "எங்க வீட்டுல அந்த மாதிரியெல்லாம் கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு யார் உண்மையைச் சொல்வார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கேள்வி வரை எல்லாவற்றுக்கும் வரிசையாகக் குறையில்லை, குறையில்லை என்றார்கள். கீழ்வீட்டுத் தையல்காரி மட்டும் தயங்கினாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவளும் குறையில்லை என்றாள். அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இந்தத் திங்களன்று கீழே இருந்த குழந்தைகள் காப்பகத்தை மூடிவிட்டார்கள். இங்கே தேவையில்லை என்று கணக்கெடுப்பில் வந்ததாம். தையல்காரி இப்போது தன் மூன்று வயது வாண்டை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள். அது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிடுகிறது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்ச் சொன்னேன். "வேணாங்கம்மா, எங்க வீட்டுலதான் குறை ஒண்ணும் இல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். வெட்கத்தில் படி ஏற முடியாமல் ஏறி வந்தேன்.

கணக்கெடுப்புப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பதிலைத் திருத்தலாம், ஆனால் அவரவர் பதிலை அவரவர்தான் திருத்த வேண்டுமாம். நாளை வருகிறாள். அதற்குள் தையல்காரியிடம் போய் என் வீட்டு உண்மையைச் சொல்லப் போகிறேன், அப்போதாவது அவளும் வாய் திறப்பாள். அவளுக்கும் முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற என் வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து ராத்திரி அடுப்பு மூட்டுவதில்லை. ஞாயிறுதோறும் நீ சாப்பிட்டியாம்மா என்பாய், நான் ஆச்சு ஆச்சு என்பேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். நேரத்துக்குத் தூங்கு. ஒன்று மறக்காதே, ஞாயிறன்று பேசும்போது மாப்பிள்ளையைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல். தனியாக இருந்து, இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா