ரப்பர் விரிப்பின் கீழ்

புனே
4 நவம்பர் 2024

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு,

உபய குசலம். தொலைபேசியில் பேச மாட்டாய் என்று உன் வக்கீல் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். ஜனவரியில் நடக்கும் பழைய வண்டிகள் ஊர்வலத்தில் நம் 1954ஆம் வருஷத்துச் சின்ன லாரியை நான் ஓட்ட வேண்டும், பக்கத்தில் தான் உட்கார வேண்டும் என்று தாரா ஆசைப்படுகிறாள். நான் இங்கே வந்த பிறகு நம் பெண் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் இது.

ஹவுரா ஷெட்டின் சாவி உன்னிடம் இருக்கிறது. மெக்கானிக் நிமாயை விட்டு எஞ்சினைக் கிளப்பிப் பார்த்து, கழுவி வைத்தால் போதும். வேறு எதையும் தொட வேண்டாம். துருப்பிடித்த தரைத் தகடுகளை என் கையாலேயே மாற்றியிருக்கிறேன். இரண்டு குளிர்காலங்களின் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அதில் போயின. அந்த ஞாயிறுகளைப் பற்றி நீ கேட்ட கேள்விகள்தான் நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தின. தாராவும் அப்படித்தான் நினைக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சிவராம்


பாலிகஞ்ச்
17 நவம்பர் 2024

திரு. சிவராம் அவர்களுக்கு,

என் சௌபாக்கியத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

வண்டி என் பெயரில் பதிவானது. கொடுப்பதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். தாராவுக்காகச் சம்மதித்து நேற்று ஷெட்டுக்குப் போனேன்.

நிமாய்தா ஏறி உட்கார்ந்து க்ளட்சை மிதித்தார். அவர் குதிகால் தரைக்குள் போய்விட்டது. ரப்பர் விரிப்பைச் சுருட்டினோம். கீழே தார். தாருக்குக் கீழே எண்ணெய் டின்னை வெட்டி வைத்த தகரம். அதற்கும் கீழே அப்பளம் போல நொறுங்கும் பழைய தரை.

"புதுத் தகடு போட்டா ஓரத்துல வெல்டிங் தெரியணும். இதுல கம்பெனியில வெச்ச பொட்டு வெல்டிங்தான் இருக்கு. இதை யாரும் வெட்டவே இல்லை, அண்ணி" என்று வங்காளத்தில் சொன்னார். சொல்லிவிட்டு டீ வாங்கப் போனவர், திரும்பி வரத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலைகளில் உங்கள் சட்டையெல்லாம் துருக்கறையாக இருக்கும். எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு நான் தேய்ப்பேன். அந்தத் துருவை எங்கே பூசிக்கொண்டீர்கள்? வரும் வழியில் ஷெட்டுக்குள் ஒரு நிமிடம் நுழைந்தா? அந்த ஞாயிறுகளில் சால்ட் லேக்கில் யார் வீட்டில் இருக்கிறீர்கள் என்று நான் கேட்டபோது, மனநல மருத்துவரைப் பார் என்றீர்கள். தாராவை எதிரில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

ரோஹிணி


புனே
25 நவம்பர் 2024

ரோஹிணி,

நிமாய்க்கு வேலை வேண்டும். அதற்காக எதையும் சொல்வான். டிரைவர் பக்கம் மட்டும்தான் பாக்கி. இடப்பக்கத்தை முழுக்க முடித்துவிட்டேன். இரும்பை அறுத்துப் பார்த்திராதவளுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

விரிப்பைப் பழையபடி போட்டு மூடு. நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். தாராவிடம் மட்டும் எதுவும் சொல்லாதே. நீ ஜெயித்துவிட்டாய் என்றே வைத்துக்கொள். எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

சிவராம்


பாலிகஞ்ச்
9 டிசம்பர் 2024

திரு. சிவராம் அவர்களுக்கு,

நீங்கள் முடித்துவிட்டதாகச் சொல்லும் இடப்பக்கத்தில் டின் தகரம்கூட இல்லை. அட்டையும் தாரும்தான். ஊர்வலத்தில் தாரா கால் வைக்கவிருந்த இடம் அது. தெரிந்தே விரிப்பைப் போட்டு மூடச் சொன்னீர்கள்.

தரையை மாற்றச் சொல்லிவிட்டேன். வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசல்களில் குறுக்கே இரும்புக் கம்பிகளை வைத்து வெல்டு செய்தார்கள். இல்லாவிட்டால் கூடு தொய்ந்து, பிறகு கதவே மூடாதாம். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம்.

தாராவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வேலை நடக்கிறது என்று நிமாய்தா வாயிலிருந்து தெரிந்துகொண்டு நேற்று அவளே வந்துவிட்டாள். இடப்பக்கத்தை இன்னும் வெட்டவில்லை. குந்தி உட்கார்ந்து விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

"என் டான்ஸ் ப்ரோக்ராமுக்கு வராம அப்பா இதைத்தானே பண்றேன்னு சொல்லிண்டிருந்தார்?" என்றாள்.

அவள் விரலில் ஒட்டிய தாரை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

"அப்போ நீ கேட்டது சரிதான்" என்றாள். பிறகு நிமாய்தாவிடம் கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, மாலை வரை வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கங்கையைக் கடக்கும் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெயிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் படகில் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டீர்கள்.

ரோஹிணி


புனே
28 டிசம்பர் 2024

அன்புள்ள ரோஹிணி,

தாரா என் அழைப்பை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்க்கிறாள், பதில் இல்லை. நான் எப்படியும் கல்கத்தா வருகிறேன். ஊர்வலம் போகும் அந்த ஒரு மணி நேரம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டி உன்னுடையது. நீ சொன்னால் அவள் கேட்பாள். இத்தனை வருஷத்தில் உன்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

சிவராம்


பாலிகஞ்ச்
8 ஜனவரி 2025

திரு. சிவராம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தாராவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். இந்த விஷயத்தில் நான் அவளுக்கு எதையும் சொல்லப்போவதில்லை. எனக்காக உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய காலத்தில் நீங்கள் அவளை எதிரில் வைத்துக்கொண்டு என்னைப் பைத்தியமாக்கினீர்கள்.

வண்டி தயாராகிவிட்டது. தாரா ஓட்டுகிறாள். வழியில் எஞ்சின் நின்றால் பார்க்க, பக்கத்தில் நிமாய்தா.

நீங்கள் வருவதைப் பற்றிக் கேட்டேன். "வரட்டும். ரோட்டோரம் கயிறு கட்டியிருப்பா. அதுக்கு அந்தப் பக்கம் எல்லாரோடயும் நின்னு பாக்கட்டும்" என்றாள்.

ஊர்வலத்தன்று காலை ஒன்பது மணிக்குப் புறப்படுகிறார்கள்.

ரோஹிணி